வண்டி பத்திக்கலையா? பெட்ரோல் எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு பாருங்க

பழைய கார் ஒண்ணு ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னா போதும், சுத்தி நிக்கிற நாலு பேர்ல மூணு பேர் "பெட்ரோல் பம்ப் போயிருக்கும்"னு சொல்லிடுவாங்க, மிச்சம் இருக்கிற ஒருத்தர் "கார்பரேட்டரைக் கழட்டி கிளீன் பண்ணிடுங்க"ம்பாரு. யாரும் பேனட்டைக்கூட திறந்து பாத்திருக்க மாட்டாங்க. சில நேரம் அது சரியாவும் போயிடும், அதான் பிரச்சனையே, குருட்டாம்போக்குல சொன்னது ஒரு தடவை பலிச்சிட்டா அதையே அடுத்து வர்ற எல்லா வண்டிக்கும் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. கடைசில பம்ப மாத்தி, ஃபில்டர மாத்தி, பிளக்க மாத்தி, எல்லாம் புதுசா இருக்கும் ஆனா வண்டி மட்டும் அப்படியே நிக்கும்.

பெட்ரோல் டேங்க்ல இருந்து இன்ஜினுக்குள்ள போறது ஒரு நீளமான வழி. அந்த வழியில எந்த இடம் வரைக்கும் பெட்ரோல் வந்திருக்கு, எந்த இடத்துக்கு அப்புறம் வரலன்னு கண்டுபிடிக்கிறதுதான் மொத்த வேலையும். எந்த பார்ட்ட மாத்தணுங்கறது அதுக்கு அப்புறம் வர்ற கேள்வி. கார்பரேட்டர் (பெட்ரோலக் காத்தோட கலந்துவிடற பாகம்) வெச்ச வண்டி, ஆரம்பகால இன்ஜெக்ஷன் வண்டி (கம்ப்யூட்டர் சொல்றபடி பெட்ரோலத் தெளிக்கிறது) ரெண்டையும் பாப்போம், டீசலுக்கு கடைசில கொஞ்சம்.

## "ஸ்டார்ட் ஆகல"ன்னா என்ன ஆகல?

சாவியைத் திருப்பினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். செல்ஃப் மோட்டாரே சுத்தாம டிக்குன்னு ஒரு சத்தத்தோட நின்னுடும், இல்ல அந்த சத்தம்கூட வராது. இதுக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்ல, பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார்னு வேற பக்கம் பாக்கணும். இன்னொரு வகை, செல்ஃப் நல்லா அடிக்குது, இன்ஜினும் கூடவே சுத்துது, ஆனா பத்திக்க மாட்டேங்குது. நாம பேசப்போறது இந்த ரெண்டாவது வகையைப் பத்தி மட்டும்தான்.

இதுலயும் உடனே பெட்ரோல் பக்கம் ஓடிடக்கூடாது. இன்ஜின் பத்திக்கணும்னா காத்தோட கலந்த பெட்ரோல் வேணும், பிளக்ல பொறி வேணும், சிலிண்டருக்குள்ள கம்ப்ரஷன் வேணும் (பிஸ்டன் மேல வந்து அந்தக் கலவைய நெருக்கி அமுக்கறது), இது மூணும் சரியான நேரத்துல நடக்கணும். செல்ஃப் அடிக்கும்போது காதக் கொஞ்சம் குடுத்துக் கேளுங்க. நல்ல இன்ஜின் ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது ஒரு இழு இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துன்னு ஏத்த இறக்கமா சுத்தும். அந்த இழுவையே இல்லாம வழக்கத்தவிட வேகமா, ஒரே சீரா விர்ர்ருன்னு சுத்துச்சுன்னா டைமிங் பெல்ட் (இன்ஜின் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி வால்வுகளத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) அறுந்திருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப செல்ஃப் அடிக்கிறத அங்கேயே நிறுத்திடுங்க, சில இன்ஜின்ல மேல மேல சுத்தவிட்டா வால்வு வளைஞ்சிடும்.

இழுவை சரியா இருக்கா? அடுத்து பிளக். கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சுட்டு ஒரு பிளக்கக் கழட்டிப் பாருங்க. நுனி காஞ்சு கிடந்தா பெட்ரோல் சிலிண்டர் வரைக்கும் வரல. ஈரமா பெட்ரோல் வாசனையோட இருந்தா பெட்ரோல் வந்திருக்கு, ஒண்ணு பொறி இல்ல, இல்லன்னா பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கு.

இன்னொரு வழி ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே, சட்டுனு பத்திக்கற ஆவிய டப்பால அடைச்சு விக்கறது. ஏர் ஃபில்டரக் கழட்டிட்டு காத்து போற வாய்ல ஒரே ஒரு சின்ன ஸ்ப்ரே, தள்ளி நின்னுக்கிட்டு செல்ஃப். ஒண்ணு ரெண்டு செகண்ட் உறுமிட்டு அணைஞ்சிட்டா பொறி இருக்கு, கம்ப்ரஷன் இருக்கு, பெட்ரோல்தான் இல்லன்னு அர்த்தம். துளிகூட அசையலன்னா பெட்ரோல விட்டுட்டு கரண்ட் பக்கம் போங்க. முகத்தை அந்த வாய்க்கு நேரா வெக்காதீங்க, சில சமயம் நெருப்பு வெளிய வரும். டீசல் வண்டில இந்த ஸ்ப்ரேவத் தொடவே தொடாதீங்க, உள்ள சூடாகிற குளோ பிளக் இருக்கும், அதுல பட்டு கண்ட நேரத்துல வெடிச்சு இன்ஜினையே உடைச்சிடலாம்.

இதுவரைக்கும்: செல்ஃப் சுத்தணும், சுத்துற சத்தம் ஏத்த இறக்கமா இருக்கணும், பிளக் காஞ்சு கிடக்கணும் இல்ல ஸ்ப்ரேக்கு மட்டும் உறுமணும். இவ்வளவும் ஒத்து வந்தாத்தான் "பெட்ரோல் வரல"ன்னு சொல்லலாம்.

## பெட்ரோல் போற வழி

கீழ சம்ப்ல இருக்கிற தண்ணிய மாடி டேங்க்குக்கு ஏத்துற மோட்டார யோசிச்சுப் பாருங்க. மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. உடனே மோட்டார் போச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம். சம்ப்ல தண்ணி இருக்கா, ஃபுட் வால்வு ஒழுகுதா, உறிஞ்சுற பைப்ல எங்கயாவது காத்து இழுக்குதா, வோல்டேஜ் கம்மியா, நடுவுல அடைப்பா, மாடி டேங்க்ல இருக்கிற மிதவை வால்வு மேலயே ஒட்டிக்கிச்சான்னு வரிசையா பாப்போம். வீட்டு மோட்டாருக்கு இவ்வளவு நிதானம் காட்டுற நாம கார்னு வந்தா மட்டும் ஏன் அவசரப்படறோம்னு எனக்குப் புரியல, ஏன்னா காரோட கதையும் அச்சு அசல் இதேதான்.

டேங்க்குக்கு அடியில பெட்ரோல் உறிஞ்சுற குழாய், அதோட வாயில சல்லடை. அங்கிருந்து பம்ப். கார்பரேட்டர் வண்டில பெரும்பாலும் இது இன்ஜின் மேலயே இருக்கும், மெக்கானிக்கல் பம்ப்னும் ஏசி பம்ப்னும் சொல்லுவாங்களே அது, கேம்ஷாஃப்ட் (வால்வுகளத் திறக்கற தண்டு) சுத்தும்போது ஒரு லீவர இடிச்சு உள்ள இருக்கிற ரப்பர் டயாஃப்ரத்த (மேல கீழ அசையற மெல்லிசான தகடு) அசைச்சு பெட்ரோல இழுத்துத் தள்ளும். இன்ஜெக்ஷன் வண்டில அது எலக்ட்ரிக் பம்ப், பெரும்பாலும் டேங்க்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கி இருக்கும். அப்புறம் ஃபில்டர், அதுக்கு அப்புறம்தான் பாதை பிரியுது.

கார்பரேட்டர் வண்டில பெட்ரோல் ஃப்ளோட் சேம்பர்ல போய் சேரும். அது ஒரு சின்ன தொட்டி, உள்ள ஒரு மிதவை, மட்டம் ஏறினா மிதவை மேல வந்து ஊசி மாதிரி இருக்கிற நீடில் வால்வ மூடிடும், மட்டம் இறங்கினா திறந்துவிடும். மாடி டேங்க்தான், சைஸ் மட்டும் சின்னது. அந்தத் தொட்டில இருந்து இன்ஜினுக்கு பெட்ரோல யாரும் தள்ளறதில்ல. இன்ஜின் காத்த இழுக்கும்போது கார்பரேட்டரோட குறுகின கழுத்துல காத்து வேகம் எடுக்குது, வேகம் எடுத்தா அங்க அழுத்தம் குறையுது, அந்தக் குறைஞ்ச அழுத்தத்துக்கு ஜெட்டுங்கற பொடி ஓட்டை வழியா பெட்ரோல் தானா மேல ஏறி காத்தோட கலக்குது.

இன்ஜெக்ஷன் வண்டில அந்த சேம்பரே கிடையாது. பெட்ரோல் எப்பவும் அழுத்தத்துலயே நிக்கும், இன்ஜெக்டர்ங்கற எலக்ட்ரிக் வால்வு சில மில்லி செகண்ட் திறந்து மூடும், அவ்வளவுதான் தெளிக்கும். எப்ப திறக்கணும், எவ்வளவு நேரம்னு சொல்றது இசியூ, அதாவது இன்ஜினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் பெட்டி. அழுத்தம் அளவு மாறாம பாத்துக்கறது ரெகுலேட்டர், மிஞ்சுற பெட்ரோல அது டேங்க்குக்கே திருப்பி அனுப்பிடும்.

எரியறது பெட்ரோலோட ஆவிதான், திரவமா கிடக்கிற பெட்ரோல் இல்ல, இத பலர் யோசிக்கறதே இல்ல. எடை கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து இருந்தா கணக்கா எரியும். பெட்ரோல் ரொம்பக் கம்மியா இருந்தாலும் பத்திக்காது, ரொம்ப ஜாஸ்தியா இருந்தாலும் பத்திக்காது. அதனால "பெட்ரோல் வருதா?"ங்கற கேள்வி பாதிதான், போதுமான அளவு வருதா, வேண்டிய அழுத்தத்தோட வருதா, மிதமிஞ்சி வருதா, இதெல்லாமும் சேந்துதான் முழுக் கேள்வி.

## கைய வெக்கறதுக்கு முன்னாடி

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரிலயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காத்தவிட கனம், அதனால மேல போகாம தரையோட தரையா பரவி தூரத்துல இருக்கிற நெருப்புகிட்ட போய் நிக்கும். காத்தோட்டமான இடத்துல, இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம், சிகரெட் நெருப்பு எதுவும் இல்லாம, தீயணைப்பான பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் ஹோஸக் கழட்டணும். இன்ஜெக்ஷன் வண்டின்னா வண்டிய நிறுத்தி ஒரு நாள் ஆகியிருந்தாலும் லைன்ல அழுத்தம் தங்கியிருக்கலாம், பம்ப் ஃப்யூஸ எடுத்துட்டு கொஞ்சம் செல்ஃப் அடிச்சு அத இறக்கிட்டு, துணிய சுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கழட்டுங்க. கண்ணுல பீச்சினா அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பெட்ரோல் முள்ள நம்பாதீங்க. பழைய வண்டில டேங்க்குக்குள்ள இருக்கிற மிதவை ஒட்டிக்கிட்டு கால் டேங்க் காட்டும், உள்ள ஒண்ணும் இருக்காது. எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி சில லிட்டர் ஊத்திப் பாருங்க, சொல்ல வெக்கமா இருக்கிற அளவுக்கு சாதாரண காரணம்தான், ஆனா நடக்குது.

## கார்பரேட்டர் வண்டி: கழுத்துக்குள்ள எட்டிப் பாருங்க

இதுல ஒரு அருமையான சோதனை இருக்கு, ஸ்பேனர் அதிகம் வேணாம். இன்ஜின் ஆஃப்ல இருக்கணும். ஏர் ஃபில்டர் மூடியக் கழட்டுங்க, சோக் தட்டு (குளிர்ந்த இன்ஜின எடுக்கும்போது காத்தக் குறைக்கிற மூடி) மூடியிருந்தா விரலால திறந்து பிடிச்சுக்குங்க, டார்ச் அடிச்சு கார்பரேட்டர் கழுத்துக்குள்ள பாத்துக்கிட்டே ஆக்சிலேட்டர் லீவர ஒரு தடவை வெடுக்குனு இழுங்க. உள்ள ஒரு சின்ன பித்தளைக் குழாய்ல இருந்து பெட்ரோல் மெல்லிசா, ஒரு கோடு மாதிரி சர்ருன்னு பீச்சணும். மிதிச்ச உடனே கூடுதலா பெட்ரோல் குடுக்கிற ஆக்சிலரேட்டர் பம்ப்போட வேலை அது. பீச்சுதுன்னா ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் இருக்கு, டேங்க்ல இருந்து அது வரைக்கும் வழி சரி, பாதி வண்டிய ஒரே நிமிஷத்துல கழிச்சுக் கட்டிட்டீங்க. இனி ஜெட் அடைப்பு, சோக் மூடாதது, பொறி, இதுகளத்தான் பாக்கணும். சில பழைய கார்பரேட்டர் டிசைன்ல இந்த ஆக்சிலரேட்டர் பம்ப்பே இருக்காது, உங்க வண்டி எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவுக்கு வாங்க.

பீச்சலன்னா? ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டின்னா சேம்பர்ல இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும், மெக்கானிக்கல் பம்ப் செல்ஃப் சுத்துனாத்தான் ஓடும், அதனால அது நிரம்ப நேரம் எடுக்கும். பத்து செகண்ட் அடிங்க, செல்ஃப் மோட்டார் ஆறட்டும், மறுபடி அடிங்க. அப்பவும் பீச்சலையா, கார்பரேட்டர்ல சொருகியிருக்கிற ஹோஸக் கழட்டி ஒரு மூடி போட்ட டப்பாக்குள்ள விடுங்க, பிளக்குக்கு பொறி குடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு வர்ற வயரக் கழட்டிட்டு (பொறி வரவே கூடாது) ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பெட்ரோல் குபுக் குபுக்குனு விட்டு விட்டு வரணும். நல்லா வந்துச்சுன்னா பம்ப்ல குத்தம் இல்ல, கார்பரேட்டர் வாயில இருக்கிற குட்டி சல்லடை அடைச்சிருக்கும் இல்லன்னா நீடில் வால்வு மூடின நிலையிலயே ஒட்டிக்கிட்டிருக்கும், பழைய பெட்ரோலோட பிசின் அதுல நல்லா பிடிச்சிக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால சேம்பர் பக்கத்துல மெல்ல ரெண்டு தட்டு தட்டினா சில நேரம் விட்டுடும், அப்படி விட்டுச்சுன்னா அதுவே எங்க கோளாறுங்கறதுக்கு சாட்சி.

ஹோஸ்ல ஒண்ணுமே வரலன்னாலும் பம்ப்பக் குத்தம் சொல்ல இன்னும் நேரம் வரல. பம்ப்புக்கு உள்ள வர்ற ஹோஸக் கழட்டி அந்த வாய்ல வேற ஒரு சின்ன ஹோஸ மாட்டி, நல்ல பெட்ரோல் இருக்கிற ஒரு கேன்ல முக்கி மறுபடி செல்ஃப் அடிங்க. கேன்ல இருந்து நல்லா இழுக்குது, டேங்க்ல இருந்து மட்டும் இழுக்கலன்னா கோளாறு டேங்க் பக்கம். கேன்ல இருந்தும் இழுக்கல, அப்பதான் பம்ப். வண்டி மொத்தத்தையும் பிரிக்காம கோளாறு இருக்கிற பாதியப் பிரிச்சுக் காட்டுற இந்த கேன் சோதனைய யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான்.

டேங்க் பக்கம் என்ன இருக்கும்? டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கிற ஹோஸ் உறிஞ்சுற பக்கம், அதனால அதுல வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும், நீங்க ஈரத்தத் தேடிக்கிட்டே இருப்பீங்க, கிடைக்காது. சில ஹோஸ் வெளிய பாக்க நல்லா இருக்கும், உள்பக்க ரப்பர் உரிஞ்சு, இழுக்கும்போது ஒட்டிக்கிட்டு வழிய மூடிடும். டேங்க் துருப்பிடிச்சிருந்தா துருச் செதில் சல்லடைல போய் அப்பிக்கும், வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிக்கும், பத்து நிமிஷம் கழிச்சு செதில் கீழ உதிர்ந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டேங்க் மூடில காத்து போற பொடி ஓட்டை அடைச்சிருந்தாலும் கிட்டத்தட்ட இதே லட்சணம்தான், பெட்ரோல் குறையக் குறைய உள்ள வெற்றிடம் உண்டாகி பம்ப்பால இழுக்க முடியாது. மூடியத் திறக்கும்போது உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, அதுக்கப்புறம் வண்டி எடுத்துச்சுன்னா விஷயம் முடிஞ்சுது.

ஆயில் ஸ்டிக்கையும் ஒரு தடவை உருவி மோந்து பாத்துடுங்க. மெக்கானிக்கல் பம்ப்போட டயாஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா இன்ஜின் ஆயில்ல இறங்கும். ஆயில் மட்டம் ஏறி, தண்ணியா, பெட்ரோல் வாசனை அடிச்சா ஸ்டார்ட் பண்ற முயற்சியே வேணாம், பம்ப், ஆயில் ரெண்டும் மாத்தணும்.

சுருக்கமா, கழுத்துல பீச்சுதா, கார்பரேட்டர் ஹோஸ்ல வருதா, கேன்ல இருந்து இழுக்குதா. இந்த மூணு இடம் தெரிஞ்சா கோளாறு எந்தத் துண்டுல இருக்குன்னு தெரிஞ்சிடும்.

## இன்ஜெக்ஷன் வண்டி: ரெண்டு செகண்ட் சத்தம்

செல்ஃப் அடிக்காம சாவிய ஆன்ல மட்டும் வையுங்க. பெரும்பாலான வண்டில பின்சீட்டுப் பக்கத்துல இருந்து ரெண்டு செகண்ட் போல ங்ங்ங்னு ஒரு முனகல் கேட்டு நின்னுடும். லைன்ல அழுத்தம் ஏத்தறதுக்காக பம்ப் ஓடுற சத்தம் அது. இன்ஜின் சுத்தற சிக்னல் வரலன்னா விபத்து நேரத்துல பெட்ரோல் கொட்டிடக்கூடாதுன்னு இசியூவே அத நிறுத்திடும்.

சத்தமே இல்லன்னா கரண்ட் வழியா பின்னாடி போங்க. ஃப்யூஸ், அப்புறம் ரிலே (சின்ன கரண்ட் வெச்சு பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்), ஹாரன் ரிலேவும் அதே நம்பரா இருந்தா ரெண்டையும் மாத்தி மாட்டிப் பாத்துடலாம். சில வண்டில இடி வாங்கினா பம்ப நிறுத்துற இனர்ஷியா சுவிட்ச் இருக்கும், பெரிய பள்ளத்துல இறங்கினாக்கூட அது தட்டிவிட்டுடும், மேல இருக்கிற பட்டன அமுக்கினா முடிஞ்சது வேலை.

வோல்ட் பாக்கறதுல ஏமாந்துபோற இடம் ஒண்ணு இருக்கு. பம்ப் கனெக்டரக் கழட்டி மீட்டர் வெச்சு 12 வோல்ட் காட்டுதுன்னு "கரண்ட் வருது, பம்ப்தான் போச்சு"ன்னு முடிவு கட்டறது. கரண்ட் ஓடாத வரைக்கும் பச்சை பூத்த கனெக்டர் வழியாவும், ஒரே ஒரு இழைல தொங்கற வயர் வழியாவும் 12 வோல்ட் தாராளமா காட்டும். பம்ப் இழுக்க ஆரம்பிச்சாத்தான் குட்டு வெளிப்படும். அதனால கனெக்டர மாட்டின நிலையிலயே, பம்ப் ஓடவேண்டிய நேரத்துல, பம்ப்போட ரெண்டு வயருக்கும் நடுவுல அளங்க, அதே நேரம் பேட்டரில எவ்வளவு இருக்குன்னும் பாருங்க. ரெண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா வயர், கனெக்டர், எர்த் இதுல ஏதோ ஒண்ணு வோல்ட்டத் தின்னுது. எர்த்த எல்லாரும் மறந்துடுவாங்க, பாடில முடுக்கியிருக்கிற அந்த ஒத்தை போல்ட் துருப்பிடிச்சே எத்தனையோ நல்ல பம்ப்ப குப்பைக்கு அனுப்பியிருக்கு. வோல்ட் முழுசா வருது, அப்பவும் சத்தம் இல்ல, டேங்க் அடில ரப்பர் சுத்தியால ஒரு தட்டு தட்டினா ஓடுதுன்னா பம்ப் மோட்டார் தேஞ்சு போச்சு, இப்ப வீடு போய் சேரலாம், ஆனா மாத்தித்தான் ஆகணும்.

சத்தம் கேக்குதுங்கறதால பெட்ரோல் வருதுன்னும் அர்த்தமில்ல. பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். கார்பரேட்டருக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்த அளக்கற அலகு) போதும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் இருக்கிற வண்டிக்கு சுமாரா 35 முதல் 60 பிஎஸ்ஐ வேணும், சரியான எண் வண்டியோட சர்வீஸ் புத்தகத்துல இருக்கும். பத்து மடங்கு வித்தியாசம் பாருங்க, கார்பரேட்டர் வண்டிக்கான ஹோஸ இன்ஜெக்ஷன் வண்டில மாட்டக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

அழுத்தம் சரியா இருந்தாலும் அளவு கம்மியா இருக்கலாம். ஃபில்டர் முக்கால்வாசி அடைச்சிருக்கு, ஆனா பெட்ரோல் எங்கயும் ஓடாம நின்ன இடத்துலயே நிக்கும்போது அழுத்தம் மெல்ல மெல்ல ரெண்டு பக்கமும் சமமாகி கேஜ் நல்ல எண்ணத்தான் காட்டும், ஓட ஆரம்பிச்சா படுத்துடும். அதனால குறிப்பிட்ட நேரத்துல எவ்வளவு பெட்ரோல் வருதுன்னு அளவு டப்பால பிடிச்சும் பாக்கணும், அந்த எண்ணும் புத்தகத்துலயே இருக்கும்.

காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குதா? சாவிய ஆன் பண்ணி, சத்தம் நின்னதும் ஆஃப், மறுபடி ஆன், இப்படி நாலஞ்சு தடவை பண்ணிட்டு செல்ஃப் அடிங்க. டக்குனு எடுத்துச்சுன்னா ராத்திரி அழுத்தம் இறங்கிப் போயிருக்கு. பம்ப்புக்குள்ள பெட்ரோல் திரும்பி இறங்காம பிடிக்கிற செக் வால்வு ஒண்ணு உண்டு, நம்ம மோட்டார் கதைல வந்த ஃபுட் வால்வு வேலைதான் அதுக்கும். அது ஒழுகலாம், இன்ஜெக்டர் சொட்டலாம், ரெகுலேட்டர் விடலாம். ரெகுலேட்டர்ல சொருகியிருக்கிற வேக்கம் ஹோஸ உருவிப் பாருங்க, அதுல பெட்ரோல் ஈரம் இருந்தா உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

அழுத்தம், அளவு எல்லாம் இருந்தும் பிளக் காஞ்சு கிடந்தா இன்ஜெக்டர் திறக்கவே இல்ல. இன்ஜின் சுத்துதுன்னு இசியூவுக்குச் சொல்ற கிராங்க் சென்சார் செத்தா இசியூ பம்ப், இன்ஜெக்டர், பொறி மூணையும் சேத்து நிறுத்திடும். பல வண்டில செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசா துடிக்கும், துடிக்கவே இல்லன்னா அந்த சென்சார் மேல சந்தேகம் வரணும். இம்மொபிலைசர் (திருட்டச் சாவியத் தடுக்கற அமைப்பு) உங்க சாவிய அடையாளம் தெரியாம விட்டாலும் இதே மாதிரிதான், டேஷ்போர்டுல சாவி லைட் மின்னுதான்னு பாருங்க.

ஆக இன்ஜெக்ஷன்ல சத்தம், வோல்ட், அழுத்தம், அளவு, கடைசில இன்ஜெக்டர் சிக்னல்னு போகணும். சத்தத்தோட நிறுத்திக்கிட்டா பாதில நிக்கற மாதிரி.

## வரவேண்டியதவிட ஜாஸ்தி வந்தா

பிளக் நனைஞ்சு சொட்டுது, வண்டியச் சுத்தி பெட்ரோல் நாத்தம். ஃப்ளட் ஆகிடுச்சுன்னு சொல்றது இதத்தான். கார்பரேட்டர்ல நீடில் வால்வுக்கு அடில தூசி மாட்டியோ, மிதவை ஓட்டையாகி முங்கியோ இருக்கும், இல்லன்னா ஸ்டார்ட் ஆகலங்கற பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதி மிதின்னு மிதிச்சிருப்பாங்க, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சல் உள்ள போகும்ல. இன்ஜெக்ஷன்ல இன்ஜெக்டர் ஒழுகல், அல்லது தண்ணி சூட்ட அளக்கற சென்சார் பொய் சொல்றது. இன்ஜின் உறைஞ்சு கிடக்குன்னு அது சொன்னா இசியூ நம்பி வாரி ஊத்தும்.

வழி என்னன்னா ஆக்சிலேட்டர முழுசா அமுக்கி அப்படியே பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கிறது, விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. கார்பரேட்டர்ல காத்து நிறைய போய் உலர்த்தும், பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டில முழு மிதில செல்ஃப் அடிச்சா இசியூ இன்ஜெக்டர நிறுத்திடும்.

## சூட்டுல நின்னா மட்டும் வர்ற கோளாறு

நல்லா ஓடின வண்டி, அரைமணி நிறுத்திட்டு வந்தா எடுக்காது, ஆறினதும் எடுக்கும். பெட்ரோல் ஒரே பொருள் இல்ல, பல பொருள் சேந்த கலவை, அதுல லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளயே கொதிக்க ஆரம்பிச்சிடும். உறிஞ்சுற பக்கம் அழுத்தம் கம்மி, அதனால அங்க இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இன்ஜின நிறுத்தினதும் காத்தோட்டம் போயி பேனட்டுக்குள்ள சூடு ஏறும், ஹோஸ்ல ஆவி குமிழ் அடைச்சுக்கும், பம்ப்பால திரவத்தத் தள்ள முடியும், ஆவிய வெறுமனே அமுக்கி அமுக்கி விடத்தான் முடியும். இதுக்குப் பேரு வேப்பர் லாக். டேங்க்குக்குள்ள பம்ப் இருக்கிற வண்டில லைன் முழுக்க அழுத்தத்துல இருக்கிறதால கொதிக்கிற சூடும் ஏறிடும், அதனால அங்க இது அபூர்வம். பேனட்டத் திறந்து வெச்சுக் காத்திருங்க, அடிக்கடி வந்தா ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கத்துல போகுதான்னு பாத்து தள்ளிக் கட்டுங்க. ஆனா ஒண்ணு, சூட்டுல மட்டும் சாகிற இக்னிஷன் காயிலும் கிராங்க் சென்சாரும் அச்சா இதே மாதிரி நடிக்கும், வண்டி சூடா நிக்கும்போதே பொறிய சோதிச்சாத்தான் வித்தியாசம் தெரியும்.

## மாசக்கணக்கா நின்ன பெட்ரோல்

நிக்க நிக்க லேசான பகுதி பறந்துடும், மிச்சம் இருக்கிறது சீக்கிரம் ஆவியாகாது, ஆவி இல்லாம இன்ஜின் எடுக்காது. கூடவே பிசின் படிஞ்சு ஜெட்ட அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து, ஒரு அளவத் தாண்டினதும் தண்ணியும் எத்தனாலும் தனியா பிரிஞ்சு டேங்க் அடில தங்கிடும், உறிஞ்சுற குழாயும் அங்கதான இருக்கு. எத்தனாலுக்குன்னு செய்யாத பழைய ரப்பரையும் அது ஊறவெச்சு கரைச்சிடும். கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி கொஞ்ச நேரம் வையுங்க, ரெண்டு அடுக்கா பிரிஞ்சாலோ, பழைய பெயின்ட் நாத்தம் அடிச்சாலோ மொத்தத்தையும் இறக்கிட்டுப் புதுசு ஊத்துங்க.

## டீசலுக்கு

டீசல்ல பிளக் பொறி கிடையாது, காத்த ரொம்ப அமுக்கினதுல வர்ற சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனால லைன்ல காத்து புகுந்தா கதை கந்தல், காத்துக் குமிழ் அமுங்கிடும், இன்ஜெக்டர் திறக்கற அளவுக்கு அழுத்தமே ஏறாது. டேங்க் காலியாகி நின்னாலோ ஃபில்டர் மாத்தினாலோ இதான் நடக்கும். ஃபில்டர் மேல இருக்கிற கை பம்ப்ப அடிச்சுக்கிட்டே ஏர் ஸ்க்ரூவ லேசா தளர்த்துங்க, மொதல்ல நுரையா வரும், குமிழ் இல்லாம சுத்தமா டீசல் வந்ததும் முடுக்குங்க. அப்பவும் எடுக்கலன்னா பழைய டீசல் பம்ப் மேல ஒரு ஸ்டாப் சாலினாய்ட் இருக்கும், சாவி ஆன் பண்ணும்போது டிக்குன்னு திறந்து டீசல விடற வால்வு, அதுக்கு கரண்ட் வருதான்னு பாருங்க. குளிர்ல மட்டும் எடுக்கலன்னா குளோ பிளக்.

காமன் ரெயில் வண்டின்னா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற புது வகை) கதை வேற. அங்க அழுத்தம் 1000 பாருக்கு (இதுவும் அழுத்த அலகுதான்) மேல போகும், இன்ஜெக்டர் பைப்ப தளர்த்திப் பாக்கிற பழைய பழக்கத்த அங்க காட்டினா பீச்சற டீசல் ஊசி மாதிரி தோலக் கிழிச்சு உள்ள இறங்கிடும், காயம் பாக்க சின்னதா இருந்தாலும் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். ஃபில்டர் வரைக்கும் டீசல் வருதான்னு பாத்துட்டு, அதுக்கு மேல ஸ்கேனர் வெச்சிருக்கிற ஆள்கிட்ட விட்டுடுங்க.